ஸ்பானர் கைக்கு ஒரு கிட்டார்

"இந்த வரவேற்புக்கு நீ சும்மா வந்து உட்கார்ந்தா போதும். வாசிக்க வேண்டாம்" என்று அத்தான் சொன்னபோது, ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடும் அவள், கிட்டாரை உறையிலிருந்து பாதிதான் வெளியே எடுத்திருந்தாள்.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். மூன்றே பேர் கொண்ட அந்தக் கல்யாண மண்டப இசைக்குழுவுக்குத் தலைவர், கீபோர்டுக்காரர், வண்டியோட்டி, கோபித்துக்கொள்கிறவர் எல்லாம் அவர்தான். அக்கா பாடுவாள். ஸ்பானர் கிட்டார். அக்கா வீட்டு முன்னறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாதிருக்க ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க ஒத்திகை பார்ப்பது அவர்கள் வழக்கம்.

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உன் கிட்டார்தான் பண்ணுது. கேளு." போன ஒத்திகையைப் போனில் பதிவு செய்திருந்தார். அக்காவின் குரல் இழைந்து வந்தது. அதற்கடியில், போத்தலுக்குள் அடைபட்ட ஈயைப் போல ஒரு கர்ர்ர். கம்பி ஒவ்வொரு தடவை அதிரும்போதும் கர்ர்ர். அக்கா தரையைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது, இத்தனை நாளாய்ச் சொல்லவில்லை என்பது ஸ்பானருக்கு அப்போதுதான் விளங்கியது.

அத்தான் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினார். வழுவழுவென்று, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கிட்டார் சத்தம் வந்தது. "இதுல பத்துப் பதினஞ்சு கிட்டார் இருக்கு. கை வலிக்குதுன்னு சொல்லாது, லீவு கேக்காது."

"அக்கா மேல எரிஞ்சு விழறதுக்கும் ஒரு பட்டன் இருக்கான்னு பாருங்க அத்தான். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

அக்கா சிரிப்பை இருமலாக மாற்றினாள். அத்தான் சிரிக்கவில்லை. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். உனக்குக் கை முடியல, அதை ஒத்துக்க. யாரும் உன்னைக் குத்தம் சொல்லலையே."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். இரக்கப்பட்டார்கள். நாக்கு முந்திக்கொண்டது.

"வரவேற்பு அன்னைக்கு மத்தியானம் மண்டபத்துல ஒத்திகை இருக்கில்ல? அங்க என் கிட்டார்ல ஒரே ஒரு கர்ர் வந்தாலும் நானே உறையில போட்டு மூடிடறேன். அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன். வரலேன்னா என் நாற்காலி என்னோடது. பட்டனைப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது."

"நீயா சொன்னே" என்றார் அத்தான்.

"நானேதான் சொன்னேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு கிட்டாரை உறையோடு தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

ஸ்பானர் என்பது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் விழுந்த பேர். இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் அவள் சேர்ந்த புதிதில், இடுப்பில் ஸ்பானரைச் செருகிக்கொண்டு நடப்பதைப் பார்த்து ஆண்கள் கேலிக்கு வைத்தது. அவள் கோபப்படவில்லை. வெள்ளை பெயிண்ட் வாங்கிவந்து தன் டூல் பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் அதையே எழுதிக்கொண்டாள். அதற்கப்புறம் அது கேலியாக இல்லை, பதவியாகிவிட்டது. மேலாளர்கூட "ஸ்பானரைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

கிட்டார் அவளாகப் பழகிக்கொண்டது. இயந்திரம் நிற்காத நாட்களில் காது முழுக்க இரைச்சலோடு வீட்டுக்கு வருவாள். ஒரு கம்பியைத் தட்டி, அது முழுசாக ஓய்கிறவரை கேட்டால் தலை தெளியும். அப்படி ஆரம்பித்தது, அக்காவின் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

பசை தடவும் ரோலர் அவளுடைய இடது கையுறையைக் கவ்வி இழுத்தது போன வருடம். மோதிர விரலும் சுண்டு விரலும் மாட்டின. எலும்பு கூடிவிட்டது, மடக்கம் கூடவில்லை. "பிடிக்கலாம், ஆனா அழுத்த முடியாது" என்றார் டாக்டர். கிட்டார் வாசிப்பதே அழுத்துகிற வேலைதான். கழுத்து நெடுகக் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளுக்குப் பின்னால் கம்பியை அமுக்க வேண்டும். கம்பி உயரத்தில் நின்றால் அதிகம் அமுக்க வேண்டும்.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கிட்டாரின் வயிற்றில், ஆறு கம்பிகளையும் தூக்கிப் பிடிக்கும் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. அதை உருவி, உப்புத்தாளில் அடிப்பக்கத்தைத் தேய்த்தாள். கம்பிகள் இறங்கின. கை வலி குறைந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி பட்டையும் தேய்ந்தது. கம்பிகள் அத்தனை தாழ்ந்த பிறகு, அதிரும்போது உலோகக் கட்டைகளை உரசாமல் என்ன செய்யும்? அந்த உரசல்தான் கர்ர். அவளுக்கும் கேட்டது. தன் ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வாத்தியக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கிட்டாரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறிபார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் அவளுடைய இடது கையையும் பார்த்தார்.

"இதை நான் சரி பண்ணலாம்மா. கம்பியை உயர்த்தணும். உயர்த்தினா உங்களால அமுக்க முடியாது. ஒண்ணு கம்பி கத்தும், இல்லேன்னா விரல் கத்தும். எது வேணும் உங்களுக்கு?"

"ரெண்டும் வாயை மூடணும்."

அவர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. "வேற ஏதாவது பழகலாமே. பாட்டு?"

"நான் பாடினா கல்யாணம் நின்னுடும்."

அதற்கு மட்டும் சிரித்தார். மெல்லிசான கம்பிக் கட்டு ஒன்றைக் கொடுத்து, "சுதியையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டுங்க. கம்பி கொஞ்சம் மெத்துனு இருக்கும். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய போர்வையை விரித்து, அதன் மேல் கிட்டாரைக் கிடத்தினாள். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். தட்டோடு வந்து, மேசையைப் பார்த்து, தட்டோடு நின்றார்.

"நோயாளிக்கு மயக்க மருந்து குடுத்தாச்சா?"

"நீங்க அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து சாப்பிடுங்க."

"மேசையில நான் சாப்பிடறது எப்போன்னு டாக்டரம்மா சொன்னா நல்லா இருக்கும்."

"இது பிழைச்சா."

நீளமான ஸ்டீல் ஸ்கேலைக் கிட்டார் கழுத்தின் மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். நடுவில் ஸ்கேலுக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தது. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க! கழுத்து வளைஞ்சிருக்கு. எவ்வளவு நாளா வளைஞ்ச ஷாஃப்டை வச்சிக்கிட்டு ஓட்டியிருக்கேன்!" கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. கிட்டார் வயிற்றின் வட்டத் துளை வழியாகச் சாவி விட்டுத் திருகினால் கழுத்து நிமிரும். அவள் திருகினாள். பார்த்தாள். இன்னும் திருகினாள். வெளிச்சக் கீற்று முழுசாக மறையும் வரை திருகி, தொழிற்சாலையில் ஒரு ரோலரைச் சமன்படுத்தி முடித்த திருப்தியோடு புதுக் கம்பிகளைக் கட்டினாள்.

ஒரு தட்டு.

ஈ போய், குளவிக் கூட்டம் வந்திருந்தது. முன்பு சில இடங்களில்தான் கர்ர். இப்போது கழுத்தின் தலைப்பக்கம் எங்கே தொட்டாலும் கர்ர்ர். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

கணவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்து வேடிக்கையை விழுங்கிக்கொண்டார். "கடையிலேயே குடுத்துடலாமா?"

"அவர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அத்தானும் தெரிஞ்சுதான் சொன்னார். நான் என்ன கேக்கறேன்னா, நீ வாசிக்கலேன்னா என்ன ஆயிடும்?"

நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். அவள் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் தொழிற்சாலையில என்னைக் கேட்டாங்க, உட்கார்ந்து பாக்கற வேலை தரட்டுமான்னு. அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"'அவ உட்கார மாட்டா'ன்னு சொன்னேன்."

"இப்பவும் அதையே சொல்லுங்க."

அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மேசையைக் கேட்கவே இல்லை.

விடை தொழிற்சாலையில் கிடைத்தது. ஒரு மோட்டாருக்கும் ரோலருக்கும் நடுவே நீளமான பெல்ட் ஒன்று ஓடுகிறது. ரோலரின் அச்சுக்கு எண்ணெய் விடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். பெல்ட் இரண்டு முனைகளிலும் ஆடாமல் ஓடியது. நடுவில் மேலும் கீழும் படபடத்தது. அதை மூடியிருக்கும் தகரத்தில் அது உரசி உரசிச் சத்தம் வருகிறதென்று, எப்போதோ அவளேதான் அந்தத் தகரத்தின் நடுவை வெளிப்பக்கமாகத் தட்டி வளைத்துவிட்டிருந்தாள். நேராக இருந்த தகரத்தை.

"அட மண்டு!" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் நின்ற பசைக்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "நான் ஒண்ணும் தொடலையே" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

கம்பியும் அந்த பெல்ட் மாதிரிதான். முனையில் அடங்கியிருக்கும், நடுவில் வயிறு தள்ளி ஆடும். கழுத்தின் நடுவில் அந்த வயிற்றுக்கு இடம் வேண்டும். அவள் பார்த்த வெளிச்சக் கீற்று கோளாறு இல்லை, வேண்டியே விட்டிருந்த இடம். வாழ்க்கை முழுக்க எல்லாவற்றையும் நேராக்கியே பழகியவள், நேராக்கக் கூடாத ஒன்றையும் நேராக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே சாவியைப் பின்பக்கமாகத் திருகி, இறுக்கியதில் ஒரு பங்கைத் தளர்த்தினாள். ஸ்கேலுக்குக் கீழே மெல்லிசான ஒரு தகட்டைச் செருகி, அது உரசாமலும் தொளதொளக்காமலும் போய்வருகிறதா என்று பார்த்தாள். சுதியை அரை ஸ்வரம் இறக்கியதும் கம்பிகளின் இழுவை குறைந்து கழுத்து மறுபடி கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. மறுபடி தளர்த்தினாள். கழுத்தின் தலைப்பக்கம் அமைதியானது.

ஆனால் தேய்ந்துபோன வெள்ளைப் பட்டை? அதற்கு மேல் உயரம் இல்லை. அட்டையை வழிநடத்துகிற கெட்டி பிளாஸ்டிக் சட்டம் ஒன்று, பழசாகிக் கழித்துப் போட்டது, தொழிற்சாலைக் குப்பைத்தொட்டியில் கிடந்தது. கேட்டுக்கொண்டுதான் எடுத்து வந்தாள். ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, புதுப் பட்டை செய்தாள்.

எந்த உயரத்துக்கு? இங்கேதான் அவள் கடைக்காரர் பேச்சை மறுத்தாள். அவர் ஆறு கம்பிகளையும் ஒன்றாக நினைத்துப் பேசினார். ஒன்றாக ஏன் நினைக்க வேண்டும்? மெல்லிய கம்பிகள் குறைவாகத்தான் ஆடும், அவை தாழ்ந்து நிற்கலாம். ஆள்காட்டி விரலும் நடு விரலும் அவற்றுக்குப் போதும். தடித்த கம்பிதான் பேயாட்டம் ஆடுகிறது, அது உயர்ந்தே நிற்கட்டும். அதை அமுக்குவது விரல் இல்லை. கழுத்துக்குப் பின்னால் சும்மா முட்டுக்கொடுத்து நிற்கிற கட்டைவிரல் எதற்கு இருக்கிறது? ஸ்பானர் பிடித்துப் பிடித்து முறுக்கேறிய கட்டைவிரல். அதை மேல்பக்கமாக வளைத்துப் போட்டு அமுக்கினாள். கம்பி கப்சிப்பென்று படிந்தது.

பட்டையைச் சரிவாக ராவினாள், ஒரு பக்கம் ஓங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி. கணவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கோணலா இருக்கே?"

"என் கை மாதிரி."

கடைசியாக ஓரிடம் மட்டும் அடம்பிடித்தது. ஓர் உலோகக் கட்டை தன் சகாக்களை விட ஒரு மயிரிழை துருத்திக்கொண்டிருந்தது. குட்டி ஸ்கேலை மூன்று கட்டைகளின் மேல் வைத்தால் அது டக்டக்கென்று ஊசலாடிக் காட்டிக்கொடுத்தது. இருபுறமும் காகிதம் ஒட்டி மரத்தை மறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ராவினாள்.

அப்புறம் கையைப் பழக்குவது. அதுதான் கஷ்டம். பழைய விரல் போக்கெல்லாம் மறந்து, இரண்டு விரலும் கட்டைவிரலுமாக ஒவ்வொரு பாட்டையும் புதிதாகக் கட்டினாள். சில இடங்களில் இருக்க வேண்டிய ஸ்வரம் இல்லாமல் போனது. போகட்டும் என்று விட்டாள். கட்டைவிரலின் அடிச்சதை நீலம் பாரித்தது. கணவர் தைலத்தைத் தேய்த்துவிட்டார்.

வரவேற்பு நாள் மத்தியானம். மண்டபத்தில் நாற்காலிகள் இன்னும் அடுக்கடுக்காக நின்றன. ஒருத்தி ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மைக்காரர் வயரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் நின்றார்.

அத்தான் கிட்டாரைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் கொஞ்சம் வாசிக்க வரும். ஒரு பிடி பிடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, கிட்டாரா, துணி காயப்போடற கொடியா? இந்தத் தடிக் கம்பி இவ்வளவு உசரத்துல நிக்குது!"

"அதுக்கு என் கட்டைவிரல்."

"கட்டைவிரலா? எந்த வாத்தியார் சொல்லிக் குடுத்தார்?"

"ரோலர்."

அத்தான் தடிக் கம்பியை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். "இதை வேற யாராலயும் வாசிக்க முடியாதே."

"வேற யார் வாசிக்கப் போறா? குடுங்க."

மைக் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டு போனாள். அத்தான் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். அக்கா கைகளைப் பிசைந்தாள். முதல் கம்பி சுத்தம். இரண்டாவது சுத்தம். ஐந்தாவது கம்பியில் ஒரு ஸ்வரம்.

கர்ர்ர்.

"ஆங்!" என்றார் அத்தான்.

அவள் விரலை இன்னும் இறுக்கி அமுக்கினாள். மறுபடி தட்டினாள். கர்ர்ர். சந்தேகமே இல்லை. ஒரே ஒரு கர்ர் என்று அவளேதான் வாய் கொடுத்திருந்தாள். அக்கா மெல்ல, "விடுடீ, இன்னொரு நாள்…" என்று ஆரம்பித்தாள்.

"இரு." ஸ்பானர் கம்பிகளை உள்ளங்கையால் அணைத்தாள். வேலைத்தளத்தில் சத்தம் கேட்டால் அவள் பார்ப்பது அது எங்கே கேட்கிறது என்பதை அல்ல, எங்கிருந்து வருகிறது என்பதை. "அக்கா, நீ இங்க உட்கார். இதே கம்பியை இங்க அமுக்கி, தட்டிக்கிட்டே இரு. நிறுத்தாதே."

அக்கா தட்டினாள். ஸ்பீக்கரில் ஸ்வரம் முழங்கியது, கூடவே கர்ர்ர். ஸ்பானர் எழுந்து நடந்தாள். மைக் தண்டைத் தொட்டாள், சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரின் வலையில் உள்ளங்கையை வைத்தாள், நிற்கவில்லை. கீபோர்டைத் தாங்கும் இரும்புக் காலைத் தொட்டாள்.

நின்றது.

கையை எடுத்தாள். கர்ர்ர். வைத்தாள். அமைதி. குனிந்து பார்த்தால், அத்தானின் கீபோர்டு ஸ்டாண்டில் ஒரு நட்டு, விழப்போகிற பால்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கிட்டார் உறையின் பையிலிருந்து சின்ன ஸ்பானரை எடுத்து இறுக்கினாள்.

"மேடைதான் கோணல், அத்தான்."

ஏணி மேலிருந்த மைக்காரர் வயரைக் கடித்தபடியே சிரித்தார். தரை துடைத்தவளும் நிமிர்ந்தாள். அத்தானுக்குக் காது சிவந்துவிட்டது. மீதி ஸ்வரங்களையும் அவள் வாசித்துக் காட்டினாள், ஒன்று விடாமல். ஒன்றும் கத்தவில்லை.

"சரி, சத்தம் வரல" என்றார் அவர். "ஒத்துக்கறேன். முதல் பாட்டைப் பாக்கலாம்." கீபோர்டில் கை வைத்தார். இரண்டும் சேர்ந்து ஒலித்ததும் அக்காவே பல்லைக் கடித்தாள். "சுதி சேரலையே! அரை ஸ்வரம் கீழ இருக்கு உன்னோடது. ஏத்து."

"ஏத்தினா இழுவை கூடிடும், விரல் நிக்காது. நீங்க எறங்குங்க. உங்களுக்கு ஒரு பட்டன்தானே."

"இவ்வளவு வருஷமா பாடற சுதி. உனக்காக எல்லாரும் எறங்கணுமா? குழுவுக்கு யார் தலைவர், நானா, நீயா?"

"தலைவர் நீங்கதான் அத்தான். சுதி இது."

"நான் எறங்க மாட்டேன்."

"நான் ஏற மாட்டேன்."

நாற்காலியைக் கேட்டு வாங்கினால் நாளைக்கும் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு அடுத்த நாளும். அவள் கேட்கவில்லை. கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்துப் போட்டு, முதல் பாட்டின் முன்னிசையைத் தனியாக ஆரம்பித்தாள். மெதுவாக இல்லை. வலது கையால் ஓங்கியே அடித்தாள்.

முன்னிசை முடிந்தது. அக்கா கணவரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பாட வேண்டிய இடம் வந்து, கடந்து போனது. ஸ்பானர் அதே முன்னிசையை மறுபடி ஒரு சுற்று வாசித்தாள், முகத்தைத் திருப்பாமல். இரண்டாவது தடவை அந்த இடம் வந்தபோது அக்கா எடுத்துவிட்டாள்.

இறங்கிய சுதியில் அவள் குரல் அகலமாக வந்தது. மேலே எட்டிப் பிடிக்க வேண்டிய அந்த ஒரு வரியில் வழக்கமாக அவள் கழுத்து நரம்பு புடைக்கும். இன்று புடைக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்காமலேயே அந்த வரியை இன்னொரு முறை பாடினாள்.

அத்தானின் கைகள் கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. பல்லவி போயிற்று. சரணத்தில் பாதி போயிற்று. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு குனிந்து எதையோ அழுத்தினார். பிறகு அரை ஸ்வரம் கீழே, கொஞ்சம் கூச்சத்தோடு, அவரும் உள்ளே வந்தார்.

ஸ்பானர் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள் என்று பயம்.

மைக்காரர் ஏணியிலிருந்து இறங்கிவந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியருகே நின்றார். "ஏம்மா, கிட்டாருக்கு இவ்வளவு போதுமா?"

"போதும்" என்றார் அத்தான்.

"இன்னும் ஏத்துங்க" என்றாள் ஸ்பானர்.